இரும்பு இல்லாத தோட்டம்

பெண்கள் மனநல வார்டுக்குப் பின்னால் இருந்த தோட்டம் இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. ஒரு கைக்கரண்டிதான் காரணம். மண் அள்ளுகிற இரும்புக் கரண்டி, உள்ளங்கை அகலம் இருக்கும். வார்டில் இருந்த ஒருத்தி அதைப் புடவைக்குள் ஒளித்து எடுத்துப் போய்விட்டாள். விபரீதம் நடப்பதற்குள் கையைப் பிடித்துவிட்டார்கள் என்றாலும், அன்று சாயங்காலமே கதவில் பூட்டு விழுந்தது. தோட்டக்காரரை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். பாத்தியெல்லாம் கோரை மண்டியது. ஜன்னல் கம்பிக்கு உள்ளே நின்றுகொண்டு பெண்கள் அந்தக் கோரையைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வார்டுக்குத் தரை துடைக்க ஒருத்தி வந்து சேர்ந்தாள். நாற்பத்திரண்டு வயது, ஒல்லி உடம்பு, எதையும் இரண்டு தரம் பார்க்கிற சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடப்பாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். "பூட்டுக்கே அதுமேல சந்தேகம் வந்துடப் போகுது" என்பான் அவள் புருஷன். ரொட்டிக் கடையில் அடுப்பு பார்க்கிறவன், சிரித்த முகம். இப்படிப் பயந்த சுபாவக்காரிதான் ஒருநாள் ஈரத் துணியை வாளியில் போட்டுவிட்டுப் பெரிய சிஸ்டர் முன்னால் போய் நின்றாள்.

"சிஸ்டர், அந்தத் தோட்டத்தைத் திறந்தா என்ன? நான் பார்த்துக்கறேன். எங்க வீட்டுப் பின்னால அவரை, வெண்டையெல்லாம் போட்டு எனக்குப் பழக்கம்."

பெரிய சிஸ்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "இரும்பு உள்ள வரக் கூடாது. கண்ணாடி வரக் கூடாது. கயிறு வரக் கூடாது. மண்ணை என்ன, வாயால ஊதியா கிளறுவே?"

"இரும்பு இல்லாம செஞ்சுட்டு வரேன்."

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தபோது தன் வாயைத் தானே நொந்துகொண்டாள். ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று.

ஒரு மாதம் பிடித்தது. முற்றின தேங்காயின் கொட்டாங்கச்சியைப் பாதியாக அறுத்து, விளிம்பைக் கல்லில் தேய்த்து மழுக்கினாள். எதிரெதிரே இரண்டு துளை போட்டு ஒரு குச்சியை இறுக்கமாகக் குறுக்கே செருகினால் மண் அள்ளும் கரண்டி தயார். ஆணி தேவையில்லை. கொய்யாக் கொம்பை முழங்கை நீளத்துக்கு வெட்டி, நுனியைக் கட்டைவிரல் மாதிரி உருட்டி, தணல் சாம்பலில் புதைத்து எடுத்தால் குழி தோண்டும் குச்சி. மூன்றாகப் பிரிந்த கவைக் கொம்பு, சருகு வாரும் வாரி. காய்ந்த சுரைக்காயைக் குடைந்து அடியில் பொடித் துளைகள் போட்டதும் அது பூவாளியாகிவிட்டது. கட்ட வேண்டிய இடத்தில் வாழை நார், அதுவும் ஒரு சாண் நீளத்துக்கு மேல் இல்லாமல்.

பெரிய சிஸ்டர் ஒவ்வொன்றையும் மேஜை மேல் வைத்து விசாரணை நடத்தினார். நாரை இரண்டு கையாலும் இழுத்து அறுத்தார். குச்சி நுனியைத் தன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். மூங்கிலில் செய்திருந்த ஒரு வாரியை மட்டும் தள்ளி வைத்தார். "மூங்கில் பிளந்தா பிளேடு மாதிரி. வேணாம்."

அது தனக்குத் தோன்றவில்லையே என்று அவளுக்குச் சுரீரென்றது. அதற்குப் பிறகு எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும், இது உடைந்தால் என்ன ஆகும் என்ற யோசனைதான் முதலில் வரும்.

டாக்டரம்மா அனுமதி கொடுத்தார். தினமும் ஒன்பதரை முதல் பதினொன்று வரை, எட்டுப் பெண்கள். மொத்தம் பதினான்கு கருவிகள்: கரண்டி ஐந்து, குச்சி நான்கு, வாரி மூன்று, சுரைக்குடுவை இரண்டு. உள்ளே போகும்போது எண்ண வேண்டும், வெளியே வரும்போதும் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த நிமிடமே தாழ்வாரத்து மணியை அடிக்க வேண்டும். அவளாகவே ஒரு பலகை செய்து, ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் அதன் எண்ணோடு கரியால் அதில் வரைந்தாள். எது இல்லையோ அந்த உருவம் கறுப்பாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

வார்டுப் பெண்கள் அவளுக்குக் கொட்டாங்கச்சி என்று பெயர் வைத்தார்கள். "கொட்டாங்கச்சியக்கா, இன்னிக்கு எனக்குக் குடுவை!" என்று வரிசையில் சண்டை நடக்கும். வாரக்கணக்கில் வாயே திறக்காதவர்கள்கூடத் தக்காளி நாற்றுக்காக வாயாடினார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் நின்றபடி கண்ணாலேயே எண்ணிக்கொண்டிருப்பாள். பதினான்கு. மறுபடி பதினான்கு. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் தட்டு, டம்ளர், கரண்டி எல்லாவற்றையும் உதடு அசைய எண்ணுவாள்.

"என்னையும் எண்ணிக்கோ. ஒண்ணுதான் இருக்கேன், கணக்குத் தப்பாது" என்பான் புருஷன்.

இப்படி ஏழு மாதம் ஓடியது. எட்டாவது மாதம் தையல்காரி வந்தாள்.

முப்பது வயது இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ரெடிமேட் துணிக் கடைக்குத் தைத்துக் கொடுத்தவளாம். முழங்கை வரை மூடிய ரவிக்கை. ஒருநாள் தண்ணீர் ஊற்றும்போது ரவிக்கைக் கை சற்று மேலேறியது. பழைய தழும்புகளைப் பார்த்துவிட்டுக் கொட்டாங்கச்சி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து பதினான்கோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கண் எங்கே போனாலும் கடைசியில் தையல்காரியிடம் வந்து நிற்கும்.

தையல்காரி அதிகம் பேசமாட்டாள். ஆனால் கருவிகளைப் பார்க்கும் விதமே வேறு. "இந்த நார் முடிச்சு வெளிப்பக்கம் இருக்கு அக்கா. உள்பக்கம் போட்டா கையில உறுத்தாது" என்றாள் ஒருமுறை. சொன்னது சரிதான். கொட்டாங்கச்சி எல்லா முடிச்சையும் அவிழ்த்து மாற்றிக் கட்டினாள்.

அந்தச் சமயத்தில் நான்காம் எண் குச்சியின் நுனி தேய்ந்துபோனது. புதிதாக ஒன்று வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு கொய்யாக் கொம்பு வெட்டினாள். வழக்கமாக நிழலில் ஒரு மாதமாவது காய விடுவாள். மழை நின்று மண் இறுகிக்கொண்டிருந்தது, நாற்று நட இதுதான் நேரம் என்று அவசரப்பட்டு அடுப்போரமே வைத்து ஒரே வாரத்தில் காய வைத்தாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? செதுக்கி முடித்தபோது கணுவுக்குப் பக்கத்தில் முடியளவு ஒரு கீறல் தெரிந்தது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். இரண்டு தரம் அல்ல, ஐந்து தரம் பார்த்தாள். பிறகு மெழுகை உருக்கி அதன்மேல் தேய்த்தாள். வழுவழுப்பாகிவிட்டது. ஒரு மாதம் தாங்கும், அதற்குள் வேறு செய்துவிடலாம்.

"நல்ல கொம்பா?" என்று கேட்டார் பெரிய சிஸ்டர்.

"நல்ல கொம்புதான் சிஸ்டர்."

அதைச் சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்தானே. தினமும் நான்காம் எண்ணைத் தானே எடுத்து வைத்துக்கொள்வாள், வேறு யாரிடமும் கொடுக்கமாட்டாள்.

வியாழக்கிழமையன்று இரண்டு பெண்களுக்குள் குடுவைக்காகத் தள்ளுமுள்ளு வந்தது. விலக்கிவிடப் போன கொட்டாங்கச்சி நான்காம் எண் குச்சியைப் பாத்தி ஓரத்தில் வைத்தாள். பத்தரை மணிக்கு ஒரு நர்ஸ் கதவைத் திறந்து, "தையல்காரம்மா, உங்களை டாக்டர் கூப்பிடறாங்க" என்று அழைத்துப் போனாள். கொட்டாங்கச்சி கையசைத்து அனுப்பினாள். சண்டையில் பிடுங்கிய சுரைக்குடுவை அப்போது கொட்டாங்கச்சியின் கையில். அதன் தண்ணீர் முழுக்க அவள் புடவையில்.

பதினொரு மணிக்கு எல்லாரும் கருவிகளைப் பலகையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்கள்.

பலகையில் நான்காம் எண்ணின் உருவம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

முதலில் நம்பவில்லை. பதின்மூன்று. மறுபடி எண்ணினாள். பதின்மூன்று. பாத்தி ஓரத்தைப் பார்த்தாள், செடிகளை விலக்கினாள், சருகுக் குவியலைக் கையால் கலைத்தாள். மணி இருபது அடி தூரத்தில் சுவரில் தொங்கியது. அதை அடித்தால் வார்டு முழுக்கக் கதவுகள் சாத்தப்படும், எல்லாரையும் சோதிப்பார்கள், தோட்டம் இனித் திறக்காது. அதைவிட, குச்சியை எடுத்துப் பார்ப்பார்கள். மெழுகு தெரியும்.

இங்கேதான் எங்கேயோ இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தொட்டிக்குப் பின்னால் பார்த்தாள். குப்பைக் கூடையைக் கவிழ்த்தாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று போய்க்கொண்டே இருந்தது. தாழ்வாரத்து மூலையில் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் பத்தரை மணிக்குப் போனவளின் ஞாபகம் வந்தது. முழங்கை மூடிய ரவிக்கை. தழும்புகள். டாக்டர் அறைக்கு ஓடினாள்.

"பத்து நிமிஷத்துல பேசிட்டு வார்டுக்குப் போயிட்டாங்களே" என்றார் டாக்டரம்மா.

வார்டில் அவள் கட்டில் காலியாக இருந்தது.

அதன் பிறகுதான் மணியை அடித்தாள். அடித்த அடியில் மணியே சுவரில் இடித்துக் காரை உதிர்ந்தது.

கதவுகள் சாத்தப்பட்டன. குளியலறைகளைத் திறந்து பார்த்தார்கள். மாடிப்படிக்கு ஒருத்தி ஓடினாள். பெரிய சிஸ்டர் ஒரு கேள்வியும் கேட்காமல், "நீ என்கூட வா" என்று மட்டும் சொன்னார். கொட்டாங்கச்சி அவர் பின்னால் ஓடினாள். 'என் கையால செஞ்சது. என் கையால செஞ்சது' என்று அதே வார்த்தைதான் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.

தாழ்வாரக் கடைசியில் வெளுத்த துணி அடுக்கும் அறை. கதவு ஒருக்களித்திருந்தது. பெரிய சிஸ்டர் இடுக்கில் பார்த்துவிட்டு நின்றார். அவர் முகம் வெளுத்தது. தாழ்ந்த குரலில், "நீ பேசு. உன்கிட்டதான் பேசுவா. நான் பின்னாலயே நிக்கறேன்" என்றார்.

படுக்கை விரிப்புகளின் அடுக்குக்குப் பின்னால் தையல்காரி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு துண்டாக உடைந்த குச்சி. உடைந்த இடம் ஈட்டி மாதிரி கூர்மையாக நின்றது. பக்கத்தில் ஒரு விரிப்பின் ஓரத்தைக் கிழித்தெடுத்த நீளத் துணி.

கொட்டாங்கச்சி அவளுக்கு எதிரே போனாள். மெதுவாகத் தரையில் அமர்ந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"ஒட்ட வச்சிட்டு இருக்கேன் அக்கா." தலை நிமிரவில்லை. துணியைக் குச்சியில் சுற்றிக்கொண்டே இருந்தாள், தையல்காரியின் சீரான சுற்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல். "நீங்க அங்க சண்டையை விலக்கிட்டு இருந்தீங்க. நான் எடுத்துக் குத்தினேன். ஒரே குத்து. ஒடஞ்சு போச்சு. வேணும்னு பண்ணல. பயந்துபோய்ப் புடவைக்குள்ள மறைச்சு எடுத்துட்டு வந்துட்டேன்."

"தெரியும்."

"இன்னும் நாலு சுத்து. அப்புறம் தெரியவே தெரியாது."

"நல்லாத்தான் சுத்தியிருக்கே. கொடு, பார்க்கறேன்."

தையல்காரியின் கை நின்றது. "திட்டுவீங்களா?"

"மாட்டேன்."

"எங்க வீட்ல ஒரு டம்ளர் கை தவறி விழுந்தாக்கூட…" அவள் மேலே சொல்லவில்லை. சுற்றுவதும் நின்றுவிட்டது. குச்சியைப் பார்த்தாள், பிறகு கொட்டாங்கச்சியைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே பெரிய சிஸ்டரின் மூச்சு கேட்டது.

கொட்டாங்கச்சி கையை நீட்டினாள். "அது உன்னால ஒடயலம்மா. அதுல முன்னாடியே கீறல் இருந்துச்சு. நான் பார்த்தேன். பார்த்துட்டு மெழுகு பூசி மறைச்சேன். தப்பு என்னோடது."

தையல்காரி துண்டுகளைத் திருப்பிப் பார்த்தாள். கைதேர்ந்தவள் கண், உடனே கண்டுகொண்டது. "ஆமா, இங்க பழைய கோடு இருக்கு" என்றாள், ஏதோ மட்டமான துணியைப் பற்றிச் சொல்வதுபோல. பிறகு இரண்டு துண்டையும் துணியோடு சேர்த்து அவள் கையில் வைத்தாள். தையல்காரியின் உள்ளங்கையில் ஒரு சிராய் ஏறியிருந்தது. ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சொட்டு கொட்டாங்கச்சியின் கண்ணைவிட்டு வெகுநாள் போகவில்லை.

மத்தியானம் டாக்டரம்மா அறையில் பெரிய சிஸ்டர் பதிவேட்டை விரித்தார். "எண்ண வேண்டியது பதினோரு மணிக்கு. மணி அடிச்சது பதினொண்ணு பன்னெண்டுக்கு. நடுவுல என்ன நடந்தது?"

எண்ண நேரமாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துக்கொள்ளலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"நான்தான் அடிக்கல சிஸ்டர். பயந்துட்டேன். தோட்டத்தை மூடிடுவீங்கன்னு பயம், கீறல் தெரிஞ்சிடும்னு பயம். பன்னெண்டு நிமிஷம் எனக்காகத்தான் தேடினேன், அந்தப் பொண்ணுக்காக இல்ல." சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

யாரும் அவளைத் தேற்றவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. தோட்டம் பூட்டப்பட்டது. பதின்மூன்று கருவிகளையும் பெரிய சிஸ்டர் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். கொட்டாங்கச்சி மறுபடி தரை துடைக்கப் போனாள். தோட்டம் எப்போது திறக்கும் என்று பெண்கள் முதல் இரண்டு நாள் அவளைக் கேட்டார்கள், அப்புறம் கேட்கவில்லை. அவர்கள் கேட்காததுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. தையல்காரி கட்டிலில் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துப் படுத்திருந்தாள்.

வீட்டில் புருஷன், "வேலை போகல இல்ல? விடு" என்றான்.

"வேலை போகலைங்க. என் மேலே இருந்த நம்பிக்கைதான் போச்சு."

"யாருக்கு? அவங்களுக்கா, உனக்கா?"

வேடிக்கையாகவே பேசுகிறவன் அன்றைக்கு வேடிக்கையாகக் கேட்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் கொம்பாக உடைத்தாள். வேம்பு, புளி, முருங்கை, பூவரசு. ஒவ்வொன்றையும் முழங்காலில் வைத்து மடக்கி, உடைந்த முனையை உள்ளங்கையில் குத்திப் பார்த்தாள். கெட்டியான மரம் ஒவ்வொன்றும் கூராகவே உடைந்தது. முருங்கை கூராகவில்லை, ஆனால் மண்ணில் ஒரு விரல்கூட இறங்கவில்லை. உள்ளங்கை புண்ணாகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தென்னை மரத்திலிருந்து விழுந்த காய்ந்த மட்டை ஒன்று வாசலில் கிடந்தது. எரிச்சலில் அதன் தண்டைத் துண்டு போட்டு முழங்காலில் மடக்கினாள். அது உடையவில்லை. மடங்கியது. முறுக்கியபோது நார் நாராகப் பிரிந்து, பழைய துடைப்பம் மாதிரி தொங்கியது. முனையைக் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். வலிக்கவில்லை.

ஆனால் மட்டைக்குச்சி காய்ந்த மண்ணில் இறங்குமா? இறங்கவில்லை. இரண்டு நாள் அதையே யோசித்து மண்டை காய்ந்தது. மூன்றாம் நாள் வெண்டைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டிருந்த இடத்தில் தற்செயலாகக் குத்தினாள். வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. குச்சியைக் கெட்டியாக்கத்தான் இத்தனை நாள் பாடுபட்டிருக்கிறாள். மண்ணை இளக்கினால் போதும் என்று ஏனோ தோன்றவே இல்லை. முதல் நாள் சாயங்காலம் நீர் விட்டு, காலையில் தோண்டினால் ஆயிற்று.

பெரிய சிஸ்டர் முன்னால் இருபது மட்டைத் துண்டுகளைக் கொண்டுபோய் வைத்தாள். "நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன் சிஸ்டர். நீங்களே ஒடைங்க."

சிஸ்டர் ஒன்று விடாமல் மடக்கினார், முறுக்கினார், நாற்காலிக் காலில் அடித்தார். மேஜை மேல் நார்க் குப்பை குவிந்தது. கடைசித் துண்டை வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். "இருபதும் சரி. ஆனா இருபத்தொண்ணாவதுல கீறல் இருந்தா?"

"மணியடிக்க ஓடி வருவேன்."

சிஸ்டர் நார்க் குப்பையை மேஜையிலிருந்து வழித்துக் கூடையில் போட்டார். "டாக்டர்கிட்ட சொல்றேன்" என்றார். அவ்வளவுதான்.

மூன்று வாரத்துக்குப் பிறகு தோட்டம் திறந்தது. ஒரு மணி நேரம் மட்டும், ஆறு பெண்கள் மட்டும், கதவருகே ஒரு நர்ஸ் நிற்க. தையல்காரிக்கு முதலில் அனுமதி இல்லை. பத்து நாள் கழித்துத்தான் டாக்டரம்மா அனுப்பினார். வந்தவள் எதையும் தொடாமல் ஓரமாக நின்றாள்.

"எடுத்துக்கோம்மா."

"ஒடஞ்சா?"

"ஒடச்சே பாரு."

தையல்காரி ஒரு மட்டைக்குச்சியை எடுத்துத் தயங்கித் தயங்கி மடக்கினாள். அது பிரிந்து தொங்கியது. அவள் சட்டென்று கொட்டாங்கச்சியின் முகத்தைப் பார்த்தாள். அங்கே கோபம் இல்லை என்று தெரிந்ததும் இன்னொன்றை எடுத்து மடக்கினாள். மொத்தம் மூன்று. நர்ஸ் பதறிப்போய் வந்தாள். கொட்டாங்கச்சி தடுத்தாள். "விடுங்க. மட்டைக்கா பஞ்சம்?"

இரண்டு மாதத்தில் தையல்காரிக்கு வீட்டுக்குப் போக அனுமதி கிடைத்தது. புருஷன் வீட்டுக்கு இல்லை, அண்ணன் வீட்டுக்கு. செவ்வாய்க்கிழமைதோறும் மாத்திரை வாங்க வர வேண்டும். வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்த கொட்டாங்கச்சிக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. பலகையில் இருப்பதை எண்ணலாம். வெளியே போனவளை எந்தப் பலகையில் வைத்து எண்ணுவது?

முதல் செவ்வாய் காலை ஒன்பது மணியிலிருந்தே வெளிநோயாளிகள் வரிசையை எட்டி எட்டிப் பார்த்தாள். பத்தாயிற்று, பதினொன்றாயிற்று. பன்னிரண்டரைக்கு மருந்து கொடுக்கும் ஜன்னல் மூடும். பெரிய சிஸ்டரிடம் போய், "அண்ணன் வீட்டு நம்பர் இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் கோப்பைத் திறந்தார். எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம்.

தையல்காரி, கூடவே அண்ணி. இருவர் முகத்திலும் வியர்வை.

"பஸ்ஸு பஞ்சர் அக்கா. பாதி தூரம் நடந்தே வந்தோம்" என்றாள்.

கொட்டாங்கச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு மருந்து ஜன்னலை நோக்கி வேகமாக நடந்தாள்.